கிரைண்டர் கல்லில் குடியேறிய நாடி

நாச்சிமுத்துவின் நெஞ்சுக்குள் பம்ப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பிய மூன்றாம் நாள் காலையில், அவருடைய நாடி எதிர்வீட்டு மல்லீஸ்வரியின் கிரைண்டர் கல்லுக்குள் அடித்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

நாடி அவர் கையில் இருக்காது என்பது முன்பே தெரிந்த சங்கதிதான். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே அவர் மனைவி வசந்தாமணியைத் தனியாக உட்காரவைத்து, "கையப் புடிச்சுப் பாத்துட்டு நாடியக் காணோமுன்னு அலறக் கூடாதுங்கம்மா. இந்தப் பம்ப் இதயமாட்ட விட்டு விட்டுத் தள்ளாது, ரத்தத்த ஒரே சீரா ஓட்டிக்கிட்டே இருக்கும்" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். சின்னப்பட்டறை வீதிக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோயம்புத்தூரில் கணபதியைத் தாண்டி இருக்கும் அந்த வீதியில் நாற்பது வீடு. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள், தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் கடைகிறவர்கள், பேரிங் மாற்றுகிறவர்கள் என்று நாற்பது வீட்டுச் சோறும் பம்ப் செட்டிலிருந்து வந்தது. நாச்சிமுத்துவே இருபத்தாறு வருஷம் காயில் கட்டியவர். அதனால் பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, உடம்பு எப்படி என்று கேட்பதற்குமுன் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்டார்கள்.

"அஞ்சாயிரத்துச் சொச்சமாம்."

"அடேங்கப்பா, நம்ம மோட்டாரவிட ரெண்டு பங்கு. காயில் சூடாகாதுங்களா அண்ணா?"

"சூடானா நானும் சேந்து சூடாகிக்கறேன்" என்றார் நாச்சிமுத்து, வயிற்றிலிருந்து வெளியே வந்த ஒயரையும் இடுப்பில் மாட்டிய பேட்டரிப் பையையும் தடவிக்கொண்டே.

பழைய நாடி எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மல்லீஸ்வரி இட்லி மாவு அரைத்து விற்கிறவள். நாற்பது வயது, புருஷன் ராஜ்கோட்டில் வார்ப்புப் பட்டறையில் வேலை, தீபாவளிக்குத் தீபாவளி வருவான். அன்றைக்கு அவளுடைய கிரைண்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே டொக் டொக் என்றது. பேரிங் போய்விட்டதாக்கும் என்று சென்னியப்பனைக் கூப்பிட்டாள். அந்த வீதியில் பேரிங் என்றால் சென்னியப்பன்தான். அவர் எப்போதும் செய்கிறபடி ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கல்லில் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் மூடியே இருந்தார்.

"இது பேரிங் இல்ல அம்மிணி" என்றார் கடைசியில். "மூணு அடி அடிக்குது, ஒண்ண முழுங்குது, அடுத்தத அவசரமா அடிக்குது. பட்டறைல விழுந்த அன்னிக்கு நாச்சிமுத்துவ எம் பின்னால வண்டில உக்காத்திக் கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி போற வரைக்கும் அவன் நெஞ்சு எம் முதுகுல இப்படித்தான் அடிச்சுது."

வசந்தாமணியைக் கூட்டிக்கொண்டு வந்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்தார்கள். அவள் காதில் வைத்தாள். மூன்று அடி, ஒரு முழுங்கல், ஓர் அவசரம். இருபத்துநாலு வருஷம் அந்த நெஞ்சில் காது வைத்துப் படுத்தவளுக்கு அது யாருடையது என்று தெரிய ஒரு சுற்றுக்கூடத் தேவைப்படவில்லை. ஆனால், கல்லின் பக்கத்தில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரக் கையோடு, ஒன்றுமே தெரியாதவளைப் போல மல்லீஸ்வரி நின்றிருந்த நிற்பைப் பார்த்ததும், "யாரோடதுன்னு எனக்கெப்படித் தெரியும்? கல்லுன்னா நாலு சத்தம் வரத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, உங்க நாடி அவ ஊட்டுல என்ன பண்ணுது?"

"எனக்கென்ன புள்ள தெரியும்? ஆஸ்பத்திரில எறக்கி உட்டாங்க. அது போற எடத்துக்குப் போயிருக்குது."

"போற எடம் அவ ஊடுதானுங்களா? நம்மூட்டுலயும் ஒரு கிரைண்டர் இருக்குதல்லோ?"

அவர் மேலே பார்த்தார். அவருக்குப் பதில் தெரியாதபோது மேலே பார்ப்பது வழக்கம்.

வசந்தாமணி ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் வீதி அதை ஒப்புக்கொண்டது. முனிசிபல் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வருவதை ஒப்புக்கொண்டதுபோல, பட்டறைப் புகையை ஒப்புக்கொண்டதுபோல ஒப்புக்கொண்டது. அழுகிற கைக்குழந்தைகளைத் தூக்கிவந்து கல்லோரத்தில் கிடத்தினார்கள், குழந்தைகள் தூங்கின. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கல்லில் முதுகைச் சாய்த்துப் படித்தார்கள், படித்தது மனசில் நின்றது. அந்தக் கல்லில் அரைத்த மாவு சோடா உப்பில்லாமல் பொங்கியது, குளிர்காலத்திலும் பொங்கியது, தூக்குப்போசியின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது. நாற்பது வீட்டு இட்லியும் ஒரே பூவாக மலர்ந்தது. யாரோ முதல் வெள்ளிக்கிழமை கல்லுக்குக் குங்குமம் வைத்தார்கள், இரண்டாம் வெள்ளிக்கிழமை செவ்வந்தி வைத்தார்கள், மூன்றாம் வெள்ளிக்கிழமை செருப்பை வெளியே விட்டுவிட்டு வரும்படி மல்லீஸ்வரியே அட்டையில் எழுதி மாட்டினாள்.

அதையெல்லாம்கூட வசந்தாமணி பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கல் நாச்சிமுத்துவின் மனசைச் சொல்லத் தொடங்கியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவர் கோபப்பட்டால் கல் வேகம் பிடித்தது, அயர்ந்தால் தாழ்ந்தது, சந்தோஷப்பட்டால் துள்ளியது. வீட்டுக்குள் நடப்பது வீட்டுக்காரிக்குத் தெரியுமுன் மாவு வாங்கப் போனவர்களுக்குத் தெரிந்தது. "என்ன வசந்தாமணி, பத்தரைக்கு ஊட்டுல சண்டையா? கல்லு அந்த ஓட்டம் ஓடுச்சு" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள். நாச்சிமுத்து எப்படி இருக்கிறார் என்று கேட்க இப்போது யாரும் நாச்சிமுத்து வீட்டுக்கு வரவில்லை. எதிர்வீட்டுக்குப் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்லா இருக்காரு என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் மல்லீஸ்வரியே மாவுப் போசியோடு வந்து வாசலில் நின்றாள். "அக்கா, நேத்து நாலு மணிக்குக் கல்லு அந்தத் துள்ளு துள்ளுச்சு. அண்ணன் அப்படியென்ன சந்தோசத்துல இருந்தாரு?"

வசந்தாமணி போசியை வாங்கவில்லை. உள்ளே போய், "நேத்து நாலு மணிக்கு என்ன நெனச்சீங்க?" என்றாள்.

"நாலு மணிக்கா? பேன் சுத்தறதப் பாத்துட்டு இருந்தேன்."

"பேனப் பாத்துச் சந்தோசப்படற மனுசனா நீங்க?"

அவர் மேலே பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவர் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுக் கொடிக்கயிறு தெரிந்தது. கொடியில் மல்லீஸ்வரியின் வாடாமல்லி நிறச் சேலை தெரிந்தது. அன்றைக்கே ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அபிநயா வந்தாள். நாச்சிமுத்துவின் பம்ப் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் வைத்தது. வைத்துக்கொண்டவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அளக்க வேண்டுமாம், அதற்கு ஆஸ்பத்திரி அனுப்பிய பெண் இவள். மெலிந்த குரல், தோள் பை, பையில் முப்பது கேள்வி உள்ள தாள். வீதி அவளுக்குக் கேள்விப் பொண்ணு என்று பெயர் வைத்திருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் சைபரிலிருந்து ஐந்துவரை எண் போட வேண்டும். கஷ்டமே இல்லையென்றால் சைபர், தாங்க முடியாவிட்டால் ஐந்து.

"படியேறினா மூச்சு வாங்குதுங்களா ஐயா?"

"சைபர் போட்டுக்க கண்ணு."

"ஊட்டுல இருக்கறவங்களுக்குப் பாரமா இருக்கறமுன்னு தோணுதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சைபர்."

கடைசியில் ஒரு நெட்டுக் கோடு. அடியில் சைபர், உச்சியில் நூறு. இன்றைக்கு உங்கள் வாழ்க்கை எந்த இடத்தில் இருக்கிறது என்று பென்சிலால் குறிக்க வேண்டும். முதல் தடவை நாச்சிமுத்து எழுபதில் குறித்தார், இரண்டாம் தடவை எண்பத்தைந்தில் குறித்தார்.

சமையலறைக் கதவோரத்தில் தோசைத் திருப்பியோடு நின்று வசந்தாமணி அந்த எண்பத்தைந்தைக் கேட்டாள். விடிந்ததும் பேட்டரி மாற்றுகிறவள் அவள். கையுறை போட்டு, முகமூடி போட்டு, வயிற்றில் ஒயர் வருகிற துளையைச் சுத்தம் செய்து கட்டுப்போடுகிறவள் அவள். உப்பை நிறுத்துப் போடுகிறவள், ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரைக்கு ஆகாதென்று கீரையை மறந்தவள், கரண்ட் போனால் முதலில் எழுந்து நிற்கிறவள். பழகின ஆள் ஒருத்தர் எந்நேரமும் கூடவே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி சொன்னதால், பொள்ளாச்சியில் அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகாதவள். அந்த எண்பத்தைந்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு பம்ப் இருந்தது, ஒரு கல் இருந்தது, ஓர் எண் இருந்தது. அவளுக்கு ஸ்பிரிட் வாசனை அடிக்கிற இரண்டு கை இருந்தது. போகும்போது கேள்விப் பொண்ணும் எதிர்வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கல்லில் ஐந்து நிமிஷம் கை வைத்திருந்ததைத் திரை விலக்கில் பார்த்தபோது, வசந்தாமணிக்குள் ஏதோ கருகியது. அடுப்பில் தோசையும் கருகியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வீதியைக் கடந்து போனாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனாள்.

"எம் புருசனோட நாடி எங்கூட்டுக்கு வரோணும்."

மாவுக்கு நின்றிருந்தவர்கள் விலகினார்கள். மல்லீஸ்வரி கல்லின்மேல் கை வைத்துக்கொண்டாள். "கல்லு என்னோடதுக்கா."

"கல்லு உன்னோடது. உள்ள அடிக்கறது என்னோடது."

"நானா கூப்புட்டேன்? தானா வந்துச்சு."

"தானா வந்தா? நாய் தானா வந்தாலும் கட்டிப் போட்டுக்குவயா? யாரூட்டு நாயின்னு கேக்க மாட்டயா?"

"நாயோட சேத்துப் பேசறீங்களே, உங்க புருசன் நாடிய!"

யாரோ சிரித்தார்கள். வசந்தாமணியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைப் பார்த்தபின் யாரும் சிரிக்கவில்லை. சென்னியப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் பட்டறை வழக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்: "ஒருத்தர் மோட்டார நம்ம பட்டறைல எறக்கி வெச்சுட்டுப் போனா, எத்தன மாசமானாலும் மோட்டாரு அவருதுதான். நாம எடுத்து வெச்சுக்க முடியாது. அம்மிணி, கல்லக் குடுத்துரு. பதிலுக்கு அவங்கூட்டுக் கிரைண்டர நீ வெச்சுக்க."

நான்கு பேர் சாக்கு சுற்றிக் கல்லைத் தூக்கினார்கள். பெண்கள் பின்னால் வந்தார்கள், பிள்ளைகள் பின்னால் வந்தார்கள், மல்லீஸ்வரி நடுவீதிவரை வந்து நின்றுகொண்டாள். தூக்குகிறவர்களின் உள்ளங்கையில் அது அடித்துக்கொண்டே வந்தது. மூன்று அடி, ஒரு முழுங்கல், ஓர் அவசரம். வசந்தாமணியின் வாசற்படியைத் தாண்டிக் கூடத்தில் இறக்கி வைத்ததும் நின்றுவிட்டது.

சென்னியப்பன் ஸ்க்ரூ டிரைவரை மேலே வைத்தார், கீழே வைத்தார், நான்கு பக்கமும் வைத்தார். "கல்லுதான் இருக்குது" என்றார்.

எல்லோரும் வசந்தாமணியைப் பார்த்தார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, "எனக்கொண்ணும் ஆகல. பம்ப் ஓடிட்டுத்தான் இருக்குது" என்றார், ஆனால் சொல்லிவிட்டுத் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். அங்கேயும் இல்லை. வெளியே மல்லீஸ்வரி தார் ரோட்டில் உட்கார்ந்து, செத்த வீட்டில் அழுவதைப்போல அழுதாள்.

அன்றிலிருந்து வீதியில் மாவு பொங்கவில்லை. கைக்குழந்தைகள் தூங்காமல் வீறிட்டன. "நல்லா அடிச்சிட்டிருந்ததக் கொண்டாந்து நிறுத்திப்புட்டா" என்று குழாயடியில் அவள் காதுபடச் சொன்னார்கள். பட்டறைக்குப் போகிறவர்கள் போகும்போதும் வரும்போதும் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு தேடினார்கள். இரும்புக் கேட்டில் வைத்துக் கேட்டார்கள், மின்கம்பத்தில் வைத்துக் கேட்டார்கள், தண்ணீர்த் தொட்டியில், பிள்ளையார் கோயில் மணியில், மல்லீஸ்வரி வீட்டுச் சுவர் முழுக்க வைத்துக் கேட்டார்கள். எங்கேயும் இல்லை. நாச்சிமுத்து பாதிச் சோற்றில் எழுந்தார். "எங்கயோ இருக்குதுங்கற தெம்புல இருந்தேன் புள்ள" என்று ஒருமுறை சொன்னார். கூடத்தின் நடுவில் அந்த ஊமைக் கல் கிடந்தது. வசந்தாமணி ஒருநாளைக்கு நான்குமுறை அதில் கால் இடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், காலையிலிருந்து ஓயாத வேலையில் அசந்துபோய், சமையலறைத் தரையில் இடதுபுறமாகத் தலைசாய்த்துப் படுத்தாள். தோளுக்கும் தரைக்கும் நடுவில் எதுவோ தட்டியது. எலி என்று நினைத்து எழுந்தாள். எழுந்த பிறகும் தட்டியது. ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். சின்ன வயதில் ஊசி போட்ட தழும்பு, நாலணா அளவில், இடது புஜத்தில். அது மூன்றுமுறை எழும்பியது, ஒருமுறை சும்மா இருந்தது, பிறகு அவசரமாக எழும்பியது. அவள் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அங்கே அவளுடையது தனியாக, ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. ரவிக்கைக் கையை இறக்கிவிட்டு, அதன்மேல் வலது கையைப் பொத்திக்கொண்டு, பாத்திரம் தேய்க்காமல் சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து முழங்கைவரை வருகிற ரவிக்கை போட்டாள். "என்னக்கா, இந்த வேகாத வெயில்ல கல்யாணப் பொண்ணாட்டக் கை நீளமா?" என்று குழாயடியில் கேலி பேசினார்கள். பேசட்டும். மல்லீஸ்வரிக்குத் தெரியாதது இப்போது அவளுக்குத் தெரிந்தது. நாலு மணிக்குத் தழும்பு துள்ளியபோது ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். திரை மூடித்தான் இருந்தது, நாச்சிமுத்து நிஜமாகவே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எரிந்துபோய்த் தூக்கிப்போட இருந்ததை அவர் கையாலேயே காயில் கட்டி ஓடவைத்த விசிறி. அடுப்படிக்குத் திரும்பி வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலையில் கையுறை மாட்டிக்கொண்டு அவர் வயிற்றருகே குனிந்ததும் தழும்பு தறிகெட்டு ஓடியது. இத்தனை மாதம் "வலிக்கல, வலிக்கல" என்று சொன்ன மனுஷன் இத்தனை மாதமும் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அவள் கையை மெதுவாக்கினாள். ஓட்டம் தணிகிறவரை பஞ்சை அப்படியே பிடித்திருந்து, பிறகு துடைத்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். அவர் கன்னம் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று வாயைத் திறப்பாள். சொன்னால் அவர் சென்னியப்பனிடம் சொல்வார், சென்னியப்பன் ஸ்க்ரூ டிரைவரோடு வருவார், நாற்பது வீடும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வரும், அவள் தோளில் செவ்வந்தி வைப்பார்கள், மல்லீஸ்வரியும் வரிசையில் வந்து ஈரக் கையால் தொட்டுப் பார்ப்பாள். வாயை மூடிக்கொள்வாள். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கும் நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்தது.

அபிநயா மூன்றாம் தடவை வந்தாள். இந்தத் தடவை சைபர் ஒன்றுகூட விழவில்லை. பாரமாகத் தோன்றுகிறதா என்றதற்கு நாச்சிமுத்து, "அஞ்சு" என்றார். நெட்டுக் கோட்டில் முப்பதைக் குறித்தார்.

"போன தடவ எண்பத்தஞ்சுங்கய்யா."

"அப்ப இருந்துச்சு கண்ணு. இப்பத் தொலஞ்சு போச்சு."

கதவோரத்தில் நின்ற வசந்தாமணியின் புஜத்தில் அது அடிமட்டத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப்போல அடித்தது. ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை.

அபிநயா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். "அம்மா, இந்தத் தடவ வீட்டுல வெச்சுப் பாத்துக்கறவங்களுக்கும் ஒரு தாள் குடுத்துருக்காங்க. கொஞ்சம் உக்காருங்களேன்."

"எனக்குங்களா?"

"உங்களுக்குத்தானுங்க."

வசந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார வேறு இடமில்லாமல் அந்த ஊமைக் கல்லின்மேல் உட்கார்ந்தாள். ராத்திரி முழுசாகத் தூங்க முடிகிறதா என்றாள் அபிநயா. இல்லை. உங்களுக்கென்று ஒரு மணிநேரமாவது கிடைக்கிறதா? இல்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்து எத்தனை நாளாகிறது? ஒன்பது மாதம். இடுப்பு வலி? இருக்கிறது. பயம்? கரண்ட் போகிறபோதெல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து, ஐந்து, ஐந்து என்று விழுந்துகொண்டே வந்தது. நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ஒன்பது மாதத்தில் அந்த வீட்டில் அந்தப் பதில்களை யாரும் கேட்டிருக்கவில்லை, அவரும் கேட்டிருக்கவில்லை.

"கடைசியா இந்தக் கோடுங்கம்மா. இன்னிக்கு உங்க வாழ்க்கை எங்க இருக்குதுன்னு நீங்களே குறிச்சிருங்க."

வசந்தாமணி பென்சிலை வாங்கினாள். அவளுக்குப் பொய் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை; முதல்முறையாகக் கேட்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் கை தானாகக் கோட்டின்மேல் ஏறியது, பாதியைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது, ஏறக்குறைய உச்சியில் போய் ஓர் அழுத்தமான புள்ளி வைத்தது.

அபிநயா தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இது தொண்ணூத்தாறு. நூறுங்கறது ரொம்ப நல்லா இருக்கறது. மோசமுன்னா கீழ குறிக்கோணும். மாத்திக் குறிச்சுட்டீங்களா?"

"மேல எது கீழ எதுன்னு எனக்குத் தெரியும் கண்ணு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். நாச்சிமுத்து நிமிர்ந்தார். ஐந்துகளாக நிறைந்திருந்த தாளைப் பார்த்தார், உச்சியில் இருந்த புள்ளியைப் பார்த்தார், வேர்த்து நனைந்திருந்த நீள ரவிக்கைக் கையைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை, வெகுநாள் கழித்து, முழுசாகப் பார்த்தார். அவள் புஜத்தில் அது துள்ளியது. துணியே தூக்கிப்போடுகிற மாதிரி துள்ளியது. வலது கையால் பொத்திக்கொண்டாள். பொத்தியது தாமதமாகிவிட்டது.

அபிநயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு தாளையும் மறு தாளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு," என்றார் நாச்சிமுத்து, அபிநயாவிடம் கையை நீட்டி, கண்ணை மனைவிமேலிருந்து எடுக்காமல், "அழிக்கற ரப்பர் வெச்சிருக்கறயா? என்னோட தாளக் கொஞ்சம் இப்படிக் குடு."